கடல் ஏன் ஒற்றைச் செருப்பைத் தருகிறது

அது நாயும் நண்டும் மனுஷனும் ஒரே பேச்சைப் பேசிய காலம். பேச்சு ஒன்றாக இருந்ததே தவிர, ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அந்த விஷயத்தில் காலம் மாறவேயில்லை.

அந்தக் காலத்தில் நத்தைமுனைத் தோணிக்காரர்கள் வெறுங்காலோடுதான் கடலுக்குப் போவார்கள். தீவுகளிலிருந்து தேங்காய் எண்ணெய் ஏற்றி வருவது அவர்கள் பிழைப்பு. பானையிலிருந்து எண்ணெய் கசிந்து பலகையெல்லாம் பரவும். அதன்மேல் அலை வந்து விழும். பாய்க்கயிற்றை இழுக்கப் போகிறவன் வழுக்கினால் நேராகக் கடலுக்குள்தான். ஒரே பருவத்தில் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். இருவருமே கொம்பையாவின் தோணி ஆட்கள்.

கொம்பையா அந்தத் தோணியின் தண்டல். தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். பேரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காற்று நின்றுவிட்டால் காற்றிடமே பேரம் பேசுவார் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் இரண்டாவது ஆளும் போன பிறகு அவருக்கு உள்ளூர பயம் வந்துவிட்டது. அடுத்தது நான்தான் என்று தோன்றியது. நேரே தோல் தைக்கிற மாடத்தியிடம் போனார்.

"வழுக்காத செருப்பு வேணும். உன்னால முடியுமா, முடியாதா?"

மாடத்தி எழுந்து போனாள். வீட்டுக்குப் பின்னால் கொடியில் கிடந்த தோலைக் கொண்டுவந்து அவர் கையில் தேய்த்துக் காட்டினாள். உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. உள்ளங்கையில் ரத்தம் பொட்டுப் பொட்டாகப் பூத்தது.

"சுறா. நான் கொல்லல, செத்து ஒதுங்குனது. உரிச்சு மூணு மாசம் ஆச்சு. இன்னும் கடல் பக்கந்தான் சுருளுது, பாருங்க."

தோலைத் தரையில் விரித்தாள். ஓரம் மெல்லச் சுருண்டு கடல் பக்கம் திரும்பியது. எடுத்து மாற்றிப் போட்டாள். கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு மறுபடியும் கடல் பக்கமே சுருண்டது.

"காத்து" என்றார் கொம்பையா.

அன்றைக்குக் காற்றே இல்லை.

செருப்பு பத்து நாளில் தயாரானது. பாதத்தை முழுக்க மூடி, கணுக்காலில் வார் போட்டு இறுக்கிக் கட்டுகிற மாதிரி தைத்திருந்தாள். கொம்பையா போட்டுக்கொண்டு எண்ணெய் தடவிய பலகையில் ஏறிக் குதித்துப் பார்த்தார். பல்லி மாதிரி ஒட்டியது.

"மூணு விஷயம் சொல்லுதேன்" என்றாள் மாடத்தி. "கரையேறினதும் நல்ல தண்ணியில கழுவணும், செருப்புக்கு ஒரு குடம். பொறவு வாரை அவுத்துவிட்டு, காத்தோட்டமா நிழல்ல கவுத்தி வைக்கணும். வெயில்ல போட்டா தோலு வெடிச்சிரும். காஞ்சதும் உள்ள வேப்பிலையைத் திணிக்கணும். அவ்வளவுதான்."

"ரெண்டு குடமா? எங்க ஊர்ல குடிக்கதுக்கே மணல்ல ஊத்து தோண்டிட்டுக் கிடக்கோம். மாசத்துக்கு ஒருக்கா கழுவுதேன்."

"ஒவ்வொரு நடைக்கும்."

"சரி, அமாவாசைக்கு ஒருக்கா, பௌர்ணமிக்கு ஒருக்கா. ரெண்டு செருப்புக்கும் சேத்து ஒரு குடம்."

"தண்டலய்யா, என் கூலியை எவ்வளவு வேணும்னாலும் கொறைங்க. நான் ஒண்ணும் சொல்லல. இது என் விலை இல்ல. செத்தது தன் வீட்டை மறக்காது. உங்க வேர்வையும் கடல் உப்பும் உள்ளயே கிடந்து காஞ்சா, அதுக்கு வீட்டு நெனப்பு வந்துரும். அது போற எடத்துக்கு உங்களையும் கூட்டிட்டுப் போயிரும்."

"வேப்பிலை மட்டும் ஒத்துக்கிடுதேன். பேச்சு முடிஞ்சுது."

எதிரில் ஆள் இருந்தால் பேரம் பேசலாம். விலை சொல்கிறவன் வேறெங்கோ இருக்கும்போது, எதிரே நிற்பவளிடம் பேசிக் குறைத்துவிட்டதாக நினைப்பது மடத்தனம். கொம்பையா மூன்றில் இரண்டைத் தள்ளுபடி செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார். அந்த வேப்பிலையையும் ஒரு நாள்கூடத் திணிக்கவில்லை.

முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆடிக்காற்றில் மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பலகையில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். இரண்டாவது மாதம் வாடை கிளம்பியது.

சுக்கான் பிடிக்கிற பலவேசம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, இந்த நடையில கருவாடு ஏத்தினோமா?"

"எண்ணெய்தானல ஏத்தினோம்."

"அப்போ யாரோ செத்துக் கிடக்காவ. தேடிப் பாக்கட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கொம்பையாவும் சிரித்தார். மறுநாள் பலவேசம் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. காத்து வாற பக்கம் நிக்காதிய. காத்து போற பக்கமா போயி நில்லுங்க" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

அது வெறும் கால்நாற்றமாக இருக்கவில்லை. கால்நாற்றம் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. இது ஆழத்து வாடை. வெயிலே படாத இடத்தில் வெகுநாள் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல வாயைத் திறந்த மாதிரி.

வீட்டில் அவர் மனைவி பேராச்சி செருப்பை உள்ளே விடவில்லை. "வாசல்ல போட்டுட்டு வாங்க. சோறு தொண்டையில எறங்க மாட்டேங்கு" என்றாள். அவர் வாசலில் வீட்டைப் பார்த்துக் கழற்றிப் போட்டார். காலையில் பார்த்தால் செருப்பின் முனை இரண்டும் கடலைப் பார்த்திருந்தன. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கடலைப் பார்த்திருந்ததோடு வாசலைவிட்டு இரண்டு எட்டுத் தள்ளியும் கிடந்தன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், நடக்கிற ஆள் பாதியில் நின்ற மாதிரி.

கொம்பையா நாயைக் கூப்பிட்டார். செவலை என்று பெயர்.

"செருப்பை இழுத்தியால?"

"நானா? நான் அது பக்கம் போறதில்ல."

"ஏன்?"

"நேத்து மோந்து பாக்கலாம்னு போனேன். அது என்னை மோந்து பாத்துச்சு."

நாய் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வாடைதானே பிரச்சினை, வாடையை மூடிவிட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டார். வெட்டிவேரைச் சுருட்டி உள்ளே வைத்தார். தாழம்பூ மடலைச் செருகினார். சாம்பிராணிப் புகையும் பிடித்தார். பூவின் வாசம் மேலே நின்றது, அந்த வாடை அடியில் அசையாமல் கிடந்தது. இரண்டும் சேர்ந்தபோது தனித்தனியாக இருந்ததைவிட மோசமாயிற்று.

"பிணத்துக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு" என்றாள் பேராச்சி. "நான் கழுவித் தாரேன். மாடத்திதான் சொன்னாளே."

"குடிக்க தண்ணியைச் செருப்புக்கு ஊத்தினா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா போட்டு நடக்கு? ஊத்துக்கு ரெண்டு நடை கூடப் போயிட்டு வாரேன். நடக்கப் போறது என் காலு. உங்களுக்கு என்ன வலி?"

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஆறு கடலை எட்டவேயில்லை. ஊற்றில் ஒரு குடம் ஊற ஒரு காலைப்பொழுது ஆகும். அவள் சொன்னது லேசான காரியம் இல்லை. கொம்பையாவுக்கு அது புரிந்தது, புரிந்ததனால் கோபம்தான் வந்தது. ஒரு பொம்பிளை தனக்காக இரண்டு நடை நடப்பதா? செருப்பைத் தூக்கிக்கொண்டு உச்சி வெயிலில் கடற்கரைக்குப் போனார்.

"உப்புல வந்த நாத்தம் உப்புலயே போகட்டும்."

இதைச் சொல்லிவிட்டு முழங்கால் ஆழத்தில் நின்று, இரண்டு செருப்பையும் கடல்நீரில் முக்கினார். அவர் செய்த காரியம் இது ஒன்றுதான். மிச்சமெல்லாம் அதன் பின்னால் தானாக வந்தது.

தோலைத் தண்ணீரில் முக்கினால் குமிழி வரும். ஒரு குமிழிகூட வரவில்லை. செருப்பு தண்ணீரைக் குடித்தது. தாகத்தோடு குடிக்கிற கன்று மாதிரி அவர் கையை இழுத்து இழுத்துக் குடித்தது. சுற்றிலும் அலை நின்றுபோயிருந்தது. எட்டிய மட்டும் கடல் தகடு போலக் கிடந்தது. காது கொடுத்துக் கேட்கிற ஆள் அப்படித்தான் அசையாமல் இருப்பான்.

வெளியே எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். வாடை சுத்தமாக இல்லை. தோல் வாடையும் இல்லை, உப்பு வாடையும் இல்லை. "ரெண்டு குடமாம், ரெண்டு குடம்" என்று சிரித்துக்கொண்டே காலில் மாட்டினார். முன்னெப்போதும் அவ்வளவு கச்சிதமாக அது பொருந்தியதில்லை.

வாசலில் செவலை பல்லைக் காட்டி எழுந்தது.

"யாரு?"

"என்னல யாருன்னு கேக்க? நாந்தான்."

"குரல் அவரு குரல்தான். ஆளைக் காணோமே." நாய் மூக்கைத் தூக்கி இப்படியும் அப்படியும் தேடியது. அவருடைய முழங்காலுக்கு அருகே வந்து, அங்கே ஒன்றுமே இல்லை என்பதுபோலத் தாண்டிப் போய்த் தெருவைப் பார்த்துக் குரைத்தது.

பேராச்சி சோறு போட்டாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவள் இரண்டு முறை தலையைத் தூக்கி, "வந்துட்டியளா?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷனின் வேர்வை, எண்ணெய், வெற்றிலை எதுவும் அந்த இடத்தில் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தார், அவ்வளவுதான்.

செருப்பைக் கழற்றப் பார்த்தார். வார் அவிழவில்லை. ஈரத்தில் இறுகியிருக்கும், காய்ந்தால் கழன்றுவிடும் என்று சொல்லிவிட்டு அதோடே படுத்தார்.

மறுநாள் பேராச்சி விடியும்போதே ஊற்றுக்குப் போனாள். ஒரு குடம் ஊறும்வரை காத்திருந்து மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறபோது உச்சிப்பொழுது. வாசலில் செவலை மட்டும் நின்றது.

"எங்கே அவிய?"

"சரியா சொல்ல முடியல. அவரு மாதிரி ஒண்ணு கடலைப் பாக்கப் போவுது. வாடை இல்லாததனால அவருதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

குடத்தை இறக்கக்கூட நிற்காமல் பேராச்சி ஓடினாள். மணலில் ஆள் நடமாட்டமே இல்லை. முந்தின நாள் போலவே கடல் அலையில்லாமல் கிடந்தது. கொம்பையா தண்ணீர் விளிம்புக்குப் போய்விட்டிருந்தார். முதுகு இவள் பக்கம் இருந்தது. உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது, கால்கள் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தன. குரல் நிதானமாக வந்தது.

"பேராச்சி. நான் நடக்கல."

அவள் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி ஓடினாள்.

"கிட்டப் போகாத தாயி" என்றது ஒரு குரல். காலடியில் நண்டு. அந்தக் காலத்தில் நண்டு கடலுக்கும் கரைக்கும் நடுவே தரகு பார்த்துவந்தது. இரண்டு பக்கமும் நல்லபேர், இரண்டு பக்கமும் வீடு. இரண்டு கையும் அப்போது ஒரே அளவு. "பேசி முடிஞ்ச காரியம். நேத்து இதே நேரம் உன் புருஷன் கையாலயே குடுத்துட்டாரு."

"என்னத்தைக் குடுத்தாவ?"

"மனுஷ வாடையை. செருப்புக்குள்ள சேத்து வச்சிருந்தாருல்லா, அத்தனையும். ஒருத்தன் வாடை எங்க இருக்கோ அங்கதான ஆளும் இருக்கணும்? கடல் ஒண்ணும் களவாங்கல. குடுத்ததை வாங்கிச்சு."

தண்ணீர் கொம்பையாவின் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவர் பழக்கம் விடுமா, பேரத்தை ஆரம்பித்தார். "தோணியைத் தாரேன். எண்ணெய் பூராவும் தாரேன். ஒரு வருஷம் தவணை குடு. ஆறு மாசம் குடு." கடல் எதற்கும் பதில் சொல்லவில்லை. விலை கேட்கிறவன் முகத்தைக்கூடக் காட்டாதபோது எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது? இடுப்பளவு வந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வாழ்நாளில் முதல் தடவை.

பேராச்சி தண்ணீருக்குள் இறங்கினாள். அவர் முன்னால் போய்த் தோளால் முட்டுக்கொடுத்து, வலது காலைத் தூக்கிப் பிடித்து, குடத்துத் தண்ணீரை அந்தச் செருப்பின்மேல் ஊற்றினாள். நல்ல தண்ணீர் பட்டதும் செருப்பு முனகியது. கறுப்பாக ஏதோ கரைந்து ஓடியது. அதன் கூடவே அந்தப் பழைய வாடை குப்பென்று எழும்பியது. இத்தனை நாள் சோறு இறங்கவிடாத வாடை. பேராச்சி அதை நெஞ்சு நிறைய இழுத்தாள். வார் தானாக அவிழ்ந்தது. செருப்பு அவள் கையில் வந்துவிட்டது.

கரையிலிருந்து செவலை குரைத்தது. "அவருதான். பாதி அவருதான்."

குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. செருப்புக்கு ஒரு குடம் என்று மாடத்தி சொன்னது சும்மா இல்லை. இடது கால் மட்டும் எட்டு வைத்தது. ஒற்றைக் காலால் நொண்டி நொண்டி அவரை உள்ளே இழுத்தது.

அவள் நண்டைப் பார்த்தாள். அது தண்ணீரில் மிதந்தபடி பக்கத்திலேயே வந்திருந்தது. நல்ல பேரம் நடக்கிற இடத்தைவிட்டுத் தரகன் போகமாட்டான்.

"அந்த வாரை அறுத்து விடு."

"நானா? நான் ரெண்டு பக்கத்துக்கும் பொது. எனக்கு என்ன கிடைக்கும்?"

"கடல் கரைக்குத் தள்ளுற செருப்பு எதுவானாலும் மொதல்ல நீ உள்ள போ. நீ வேண்டாம்னு விட்டாத்தான் மனுஷன் தொடணும். எங்க ஆளுகளை நான் பாத்துக்கிடுதேன்."

நண்டு கண்ணை நீட்டிக் கடலை ஒரு தரம் பார்த்தது, அவளை ஒரு தரம் பார்த்தது. தண்ணீர் கொம்பையாவின் கழுத்துக்கு வந்திருந்தது. நண்டு மூழ்கியது.

சுறாத்தோல் லேசில் அறுபடவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுத்தது. அறுக்க அறுக்க அந்தக் கை தேய்ந்தது. வார் அறுந்தபோது கொம்பையா ஒரே ஒரு சத்தம் போட்டார். செருப்பு தனியாகப் போகவில்லை. உள்ளங்கால் தோலை அப்படியே உரித்துக்கொண்டு போயிற்று.

நின்றிருந்த கடல் திரும்பவும் அலையடிக்கத் தொடங்கியது. மூவரையும் கரையில் தூக்கி எறிந்தது. நண்டு திரும்பிப் பார்க்காமல் ஓடி, உலர்ந்த மணலில் குழி தோண்டி ஒளிந்துகொண்டது. ஒரு பக்கத்தை ஏமாற்றிய தரகன் அந்தப் பக்கம் மறுபடி முகம் காட்ட முடியுமா? இன்றும் அலை வந்தால் அதற்கு உயிர் கையில் இல்லை. இன்றும் ஒரு கை பெரிது, ஒரு கை சிறிது.

கொம்பையா பிழைத்துக்கொண்டார். இடது காலில் புதுத் தோல் வந்தது. ஆனால் ஈர மணலில் அவர் நடந்து போனால் வலது கால் தடம் மட்டுமே விழும். செவலை அவருக்கு வலப்பக்கமாகத்தான் வரும். இடப்பக்கம் யாரோ இருக்கிற மாதிரி தெரியவில்லை என்றது.

வலது செருப்பைப் பேராச்சி மறுநாள் இன்னொரு குடம் ஊற்றிக் கழுவினாள். நிழலில் கவிழ்த்தாள். காய்ந்ததும் வேப்பிலை திணித்து உத்தரத்தில் கட்டினாள். அது அசையவேயில்லை.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் இடது செருப்பு வந்தது. அலை எட்டாத மணலில், நன்றாகக் காய்ந்து, முனை அவர்கள் வீட்டைப் பார்த்தபடி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. அறுந்த வார் முடிச்சுப் போட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தது. யார் முடிச்சுப் போட்டது?

கொம்பையா வாசலில் நின்று அதையே பார்த்தார். இடது உள்ளங்கால் அரித்தது.

"வாடை இல்ல, பேராச்சி. சுத்தமா இருக்கு. ஜோடியும் சேந்துரும். ஒரு எட்டுப் போயி எடுத்துட்டு வந்துருதேன்."

"போங்க" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு கேக்கேன். நீங்க யாவாரத்துல சரக்கைக் காட்டுறப்போ எல்லாத்தையும் வெளிய எடுத்து வைப்பியளா?"

அவர் யோசித்தார். கொஞ்சம்தான் எடுத்து வைப்பார். மிச்சத்துக்கு ஆள் உள்ளே வரட்டும் என்று விட்டுவிடுவார். முந்தாநாள் தண்ணீருக்குள் நின்று பேசிய பேச்சையெல்லாம் கடல் ஒரு பதிலும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது தொழில் கற்றுக்கொண்டிருந்தது.

அவர் போகவில்லை. மறுநாள் செருப்பு கடல் பக்கமாக ஓர் எட்டுத் தள்ளிக் கிடந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு எட்டு. ஏழாம் நாள் அலையின் விளிம்பில் நின்று, கொஞ்ச நேரம் வீட்டையே பார்த்துவிட்டு, உள்ளே போயிற்று.

அன்றைக்குப் பிறகுதான், கடல் எந்தக் கரையிலும் செருப்பை ஜோடியாகத் தருவதில்லை. ஒன்றைக் காட்டுகிறது, மற்றதை உள்ளே வைத்துக்கொள்கிறது. காட்டிய செருப்புக்குள் முதலில் நுழைந்து பார்ப்பது நண்டு. தோணியிலிருந்து இறங்குகிறவர்கள், குடிக்கத் தண்ணீர் இல்லாத வருஷத்திலும், செருப்புக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, வாரை அவிழ்த்து, நிழலில் கவிழ்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறார்கள். மணலில் கிடக்கிற ஒற்றைச் செருப்பை யாரும் எடுப்பதில்லை. மற்றது எங்கே என்று வாய்விட்டுக் கேட்பதும் இல்லை. கேட்கிற ஆளுக்காகத்தான் அது உள்ளே காத்திருக்கிறது.